பள்ளிக்கூடம் போகிறவர் வீட்டுக்குக் கைகொடுக்கும் குறிப்புகள்

நம்ம மயிலத்தில் ஆசிரியர் வீடுகளுக்குப் பஞ்சமில்லை. 1938-ல் தொடங்கிய தமிழ்க் கல்லூரி இருக்கிற ஊர். அங்கே படித்துவிட்டு வெளியூர்ப் பள்ளிகளுக்குத் தமிழாசிரியராகப் போனவர்கள் ஏராளம். காலை ஏழு மணிக்கே டிபன் பாக்ஸும் கையுமாகக் கூட்டேரிப்பட்டில் திண்டிவனம் பஸ்ஸுக்கும் விழுப்புரம் பஸ்ஸுக்கும் நிற்கிறவர்களைப் பார்க்கிறோம். அவர்களுக்கும் முன்னே எழுந்து ஓடுகிறவர்கள் சத்துணவு சமைக்கிறவர்கள், வகுப்பறை பெருக்குகிறவர்கள். இவர்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளப் பெரிய செலவு ஒன்றும் வேண்டாம். வீட்டில் முதல் நாள் ராத்திரி பத்து நிமிஷம், ஸ்டாஃப் ரூம் அலமாரியில் ஒரு தட்டு, பெற்றோர் கொஞ்சம் மனசு வைத்தால் போதும். எல்லாவற்றையும் கலந்தே எழுதியிருக்கிறேன் தோழிகளே, உங்கள் வீட்டுக்குத் தோதானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. தொண்டை கட்டிய அன்று கிசுகிசுவென்று பேசினால் தொண்டைக்கு ஓய்வு என்று நினைக்கிறோம். கிசுகிசுப்பு குரல்நாண்களை இன்னும் இறுக்கிவிடும். மெல்லிய குரலில் இயல்பாகப் பேசச் சொல்லுங்கள்; வீட்டில் இருப்பவர்கள் அன்று சாயங்காலம் டீச்சரை அதிகம் பேசவைக்காமல் இருந்தாலே பெரிய உதவி.

2. அடிக்கடி கனைக்கும் பழக்கம் பல ஆசிரியர்களுக்கு உண்டு. ஒவ்வொரு கனைப்பும் குரல்நாண்களை ஒன்றோடொன்று மோதவைக்கிறது. கனைக்கத் தோன்றும்போது ஒரு மிடறு தண்ணீர், தண்ணீர் இல்லாவிட்டால் எச்சிலையாவது விழுங்கப் பழகினால் மெல்ல மெல்ல மாறிவிடும்.

3. மரக்காணத்து உப்பளம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது; கல்லுப்பு மலிவு. ஒரு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு அரை டீஸ்பூன் கல்லுப்பு போட்டு, பள்ளிவிட்டு வந்ததும் கொப்பளித்தால் சுண்ணாம்புத்தூளும் பஸ் புழுதியும் தொண்டையை விட்டுப் போகும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தம்ளரை நீட்டிவிடுங்கள், மறக்காது.

4. ஆவி பிடிக்கத் தைலம், மாத்திரை எதுவும் வேண்டாம், வெறும் வெந்நீரே போதும். பாத்திரத்தை மேசைமேல் நகராமல் வைத்துப் பிடியுங்கள். மடியில் வைத்துக்கொள்வதும், குழந்தைகள் ஓடுகிற இடத்தில் தரையில் வைப்பதும் வேண்டவே வேண்டாம்.

5. கரும்பலகையைப் பார்த்தபடி பேசினால் சத்தம் சுவரில் முட்டி நிற்கும். கடைசி பெஞ்சுக்குக் கேட்கவைக்கக் கத்த வேண்டியிருக்கும். எழுதி முடிக்கிறவரை பேசாமல் எழுதி, திரும்பி நின்று பேசினால் பாதிக் குரலே போதும். எழுதுகிற நேரம் தொண்டைக்கு ஓய்வு நேரமும் ஆகிவிடும்.

6. வகுப்பை அமைதியாக்கக் கத்துவதுதான் தொண்டையைப் பெரும்பாலும் கெடுக்கிறது. மூன்று முறை கைதட்டினால் பிள்ளைகள் இரண்டு முறை தட்டிவிட்டு அமைதியாக வேண்டும் என்று ஜூன் மாதமே பழக்கிவிடுங்கள். பூஜை அறையில் கூடுதலாக இருக்கிற சின்ன மணி ஒன்றும் இதற்கு உதவும்.

7. பேரிங் போன ஃபேன் கடகடவென்று ஓடுகிற வகுப்பில் நாள் முழுக்கக் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும். மெக்கானிக் வந்தால் சின்ன வேலை. அந்த வகுப்புப் பிள்ளைகளின் அப்பாக்களில் யாராவது ஒருவர் எலக்ட்ரீஷியனாக இருப்பார், கேட்டுப் பாருங்கள்.

8. இடுப்பில் கட்டிக்கொள்ளும் சின்ன மைக், ஸ்பீக்கரோடு சேர்த்தே ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஆளுக்கொன்று வேண்டாம். ஸ்டாஃப் ரூமில் சேர்ந்து ஒன்றோ இரண்டோ வாங்கி, அன்றைக்கு யாருக்குத் தொண்டை சரியில்லையோ அவருக்குக் கொடுங்கள். வாயருகே வருகிற மைக்கின் பஞ்சு உறையை மட்டும் ஆளுக்கு ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

9. காலையில் எழுந்ததும் குரல் கரகரப்பாக இருந்து, வாயில் புளிப்பும் இருந்தால் ராத்திரி சாப்பாட்டைக் கவனியுங்கள். பேப்பர் திருத்திவிட்டுப் பத்தரைக்குச் சாப்பிட்டு உடனே படுத்தால் வயிற்று அமிலம் தொண்டைவரை ஏறும். எட்டு மணிக்குள் சாப்பிட்டுவிட்டுத் திருத்தட்டும். மூன்று வாரத்துக்கு மேல் குரல் தெளியாவிட்டால் கைவைத்தியத்தை நிறுத்திவிட்டு, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ புதுச்சேரி ஜிப்மரிலோ காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்ப்பதுதான் சரி.

10. பழைய பருத்திப் புடவையைச் சதுரமாக வெட்டி, நனைத்துப் பிழிந்து, ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் சுண்ணாம்புத்தூள் பறக்காது, தும்மலும் வராது. உலர்ந்த டஸ்டரைத் தட்ட வேண்டியிருந்தால் வெளியே, காற்று வீசும் பக்கமாக. அந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்.

11. ஒரு லிட்டர் பாட்டிலில் பழைய ரப்பர் பேண்டை மூன்று இடத்தில் மாட்டிவிடுங்கள். முதல் கோடு 11 மணிக்குள், இரண்டாவது சாப்பாட்டுக்குள், மூன்றாவது பள்ளி விடுவதற்குள். 2025-ல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 11 மணி, 1 மணி, 3 மணிக்கு அடிக்கச் சொன்ன 'வாட்டர் பெல்' பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை. அடிக்கிறபோது டீச்சரும் கூடவே குடித்தால் தனியாக நினைவூட்டல் எதற்கு?

12. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பெண் ஆசிரியர்கள் தண்ணீர் குடிக்காததற்குக் காரணம் மறதி இல்லை. கழிப்பறை சரியில்லை, இல்லாவிட்டால் போக நேரமில்லை. காலை எட்டிலிருந்து மாலை ஐந்துவரை அடக்கிவைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறவர்கள் நிறைய. உடைந்த தாழ்ப்பாள், கொக்கி, வாளி, மக், ஒரு பினாயில் பாட்டில்: இவ்வளவும் சில நூறு ரூபாய்க்குள் முடிகிற காரியம். அரசு செய்யட்டும் என்று காத்திருக்கும்போதே தாழ்ப்பாளை மாட்டிவிடலாம். பக்கத்து வகுப்பு டீச்சரோடு பேசிவைத்துக்கொண்டு, ஒருவர் போகும்போது மற்றவர் இரண்டு வகுப்பையும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டால் நேரப் பிரச்சினையும் தீரும்.

13. சிறுநீர் போகும்போது எரிச்சல், அடிவயிற்று வலி, குளிர்காய்ச்சல் என்றால் பார்லித் தண்ணீரும் இளநீரும் மட்டும் குடித்துக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடலாம். டாக்டர் கொடுத்த மாத்திரையை, எரிச்சல் நின்றதும் பாதியில் விடாமல் முழுக்கச் சாப்பிட வையுங்கள்.

14. ஸ்டாஃப் ரூம் அலமாரியில் ஒரு பிஸ்கட் டின்: உள்ளே நாப்கின், பழைய செய்தித்தாள், ஒரு மாற்று உள்பாவாடை, இரண்டு ஊக்கு. எடுத்தவர் அடுத்த வாரம் ஒன்று திருப்பி வைத்தால் டின் காலியாகாது. சத்துணவு ஆயாவுக்கும் பெருக்குகிற அக்காவுக்கும் அந்த டின் எங்கே இருக்கிறது என்று சொல்லிவையுங்கள்.

15. நின்றுகொண்டே பாடம் நடத்துகிறவர்களுக்கு நரம்பு சுருட்டிக்கொள்ளும். வருகைப் பதிவு எடுக்கும்போதும் பிள்ளைகள் எழுதும்போதும், மேசையைப் பிடித்தபடி குதிகாலைத் தூக்கி இறக்கினால் கெண்டைக்கால் ரத்தத்தை மேலே தள்ளும். ஒரு பீரியடுக்கு இருபது தடவை, யார் கண்ணிலும் படாது.

16. வீட்டுக்கு வந்ததும் கால் மணி நேரம், காலைச் சுவரில் சாய்த்தோ இரண்டு தலையணைமேலோ தூக்கிவைத்துப் படுக்கட்டும். காபி அதற்குப் பிறகு. வீக்கம் ஒரு காலில் மட்டும் வந்து, சூடும் வலியும் இருந்தால் தேய்த்துவிடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

17. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் இல்லை. அப்படி மிச்சமாகிற காசை ஒரு டப்பாவில் போட்டுவந்தால், மெத்தென்ற அடிப்பாகம் உள்ள நல்ல செருப்பு வாங்கப் பணம் சேர்ந்துவிடும். தட்டையான ரப்பர் செருப்போடு நாள் முழுக்க சிமெண்டுத் தரையில் நிற்பதுதான் பல பேருக்குக் குதிகால் வலிக்கு வழி.

18. வகுப்பில் நாற்காலி இருந்தாலும் உட்கார்ந்து பாடம் நடத்தச் சில பள்ளிகளில் தயக்கம் இருக்கிறது. உயரமான ஸ்டூல் ஒன்று போட்டால் பாதி நின்றபடி, பாதி உட்கார்ந்தபடி பாடம் நடத்தலாம். கடைசி வரிசையும் கண்ணில் படும். கர்ப்பிணி டீச்சருக்கும் மூட்டுவலிக்காரருக்கும் இது ரொம்ப உதவி.

19. டைம் டேபிள் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூட்டுவலி உள்ளவருக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் அடுத்தடுத்த பீரியடைக் கீழ்த்தளத்திலேயே போட்டுவிட்டால் மாடி ஏறி இறங்குவது பாதியாகக் குறையும். காசே செலவில்லாத உதவி இது.

20. காலையில் வெறும் வயிற்றோடு ஓடுகிற வீட்டில், கேழ்வரகுக் கூழை முதல் நாளே காய்ச்சிவிடுங்கள். காலையில் மோர், உப்பு சேர்த்துக் கரைத்து, நாலு சின்ன வெங்காயத்தோடு கொடுத்தால் நின்ற இடத்தில் குடித்துவிட்டுப் போகலாம். பதினோரு மணிவரை பசி தெரியாது.

21. மத்தியான வெயிலில் தயிர்சாதம் புளித்துப்போகாமலிருக்க, சூடு ஆறிய சாதத்தில் காய்ச்சி ஆறிய பாலை ஊற்றி, ஒரே ஒரு ஸ்பூன் தயிர் போட்டுப் பிசைந்து அனுப்புங்கள். பள்ளியில் மணி அடிக்கும்போது பதமாக உறைந்திருக்கும். எந்தச் சாதமானாலும் ஆவி அடங்கின பிறகே மூடியைப் போடுங்கள், சீக்கிரம் கெடாது.

22. டி.எம்.வி. என்று பெயர் தொடங்குகிற மல்லாட்டை ரகங்களும் எள் ரகங்களும் நம்ம திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவானவை. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு ஸ்டாஃப் ரூமுக்கு கிரீம் பிஸ்கட் எதற்கு? உப்புப் போட்டு வேகவைத்த மல்லாட்டை ஒரு பிடி, இல்லாவிட்டால் எள்ளுருண்டை ஒன்று கொடுத்து அனுப்புங்கள். பூசணம் பிடித்த பருப்பு மட்டும் கலந்துவிடாமல் பொறுக்கிப் போடுங்கள்.

23. சோர்வு, மூச்சு வாங்கல், முடி கொட்டுவது என்று சொல்கிற டீச்சர்களுக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துவிடுவது நல்லது. முருங்கைக்கீரையை அடையிலோ பருப்பிலோ வாரம் மூன்று நாள் சேர்த்து, கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ வையுங்கள். அவற்றில் இருக்கிற வைட்டமின் சி, கீரையின் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்த இரும்பு வீணாகும். டீயை ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள்.

24. மதிய இடைவேளையில் வரிசை பார்ப்பது, சாப்பாட்டைக் கண்காணிப்பது, புகார் கேட்பது என்றே நேரம் போய்விடும். கடைசியில் ஐந்து நிமிஷத்தில் விழுங்கிவிட்டு ஓடுவார்கள். பாதிப் பேர் முதல் இருபது நிமிஷம் சாப்பிட, மீதிப் பேர் பார்த்துக்கொள்ள, பிறகு மாற்றிக்கொள்ளலாம். முறையைச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டால் யாரும் யாரையும் கேட்டு நிற்க வேண்டியதில்லை.

25. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்கிறவர் பையில் ஒரு சின்னப் பொட்டலம் குளுக்கோஸோ சர்க்கரையோ எப்போதும் இருக்கட்டும். சாப்பாடு தாமதமாகி உடம்பு நடுங்கி, வியர்த்து, கண் இருட்டினால் அதில் மூன்று டீஸ்பூன் எடுத்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். தெளிந்ததும் சாப்பிட வைக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். பக்கத்து வகுப்பு டீச்சருக்கும் வகுப்புத் தலைவனுக்கும் இந்தப் பொட்டலம் எந்தப் பையில் என்று தெரிந்திருக்கட்டும்.

26. ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு இல்லை. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தபிறகு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆசிரியர்கள் பகலில் வீட்டில் இருப்பதில்லை என்பதால், உங்கள் தெருவுக்கு வருகிற சுகாதாரத் தன்னார்வலர் அக்காவிடம் சொல்லி, எந்த நேரம் தோது என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

27. விடைத்தாளைத் தட்டையான மேசையில் வைத்துத் திருத்தினால் கழுத்து நாள் முழுக்கக் குனிந்தே இருக்கும். பிள்ளையின் பரீட்சை அட்டையை இரண்டு பழைய புத்தகத்தின்மேல் சாய்த்துவைத்தால் சரிவு மேசை தயார். பேனாவில் ரப்பர் பேண்டை இறுக்கமாகச் சுற்றிவிட்டால் விரல் வலியும் குறையும்.

28. இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை தாளிலிருந்து தலையைத் தூக்கி, வாசலுக்கு வெளியே தூரத்து மரத்தை இருபது நொடி பாருங்கள். நாற்பது வயசு தாண்டினவர் தாளைத் தள்ளித்தள்ளிப் பிடித்தால் தலைவலி மாத்திரை வேண்டாம், கண்ணைச் சோதித்துக் கண்ணாடி போடுகிற வேளை வந்துவிட்டது.

29. நாற்பது நோட்டையும் ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகத் தூக்கிவராமல், நாளுக்கு ஒரு பெஞ்சு வரிசை என்று பிரித்துக்கொண்டால் பள்ளியிலேயே முடியும். தோள்பட்டைக்குச் சுமையும் இல்லை. ஞாயிறு வீட்டாருக்கு.

30. எமிஸ் என்கிற கல்வித் தகவல் தளத்துப் பதிவு, வருகைப் பதிவு, குறுஞ்செய்திக் குழு என்று ஆசிரியர் கையில் செல்போன் இறங்குவதே இல்லை. பதிவேற்றும் வேலையை வாரம் ஒருவர் என்று முறைபோட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி எட்டுக்குமேல் குழுவை ஒலியடக்கி வையுங்கள். பெற்றோர்களே, வீட்டுப்பாடச் சந்தேகத்துக்குப் பத்து மணிக்கு டீச்சருக்குப் போன் போடாதீர்கள்; அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கேட்டால் போதும்.

31. நம்ம முருகன் கோயில் பங்குனி உத்திரம் பெரும்பாலும் பொதுத்தேர்வை ஒட்டித்தான் வருகிறது. மயிலத்து வீடுகளில் உறவுக்காரர் நிறைந்துவிடுவார்கள்; டீச்சர் தேர்வுப் பணிக்கும் ஓட வேண்டும், விருந்துக்கும் சமைக்க வேண்டும். இந்த ஒரு மாதம் வீட்டில் சொல்லிவிடுங்கள்: புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் முன்கூட்டியே தயார், பூப்பறிப்பதும் பாத்திரமும் மற்றவர் வேலை, வருகிறவர்கள் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரட்டும். முருகனுக்கு இதில் ஒரு மனக்குறையும் இருக்காது.

32. பள்ளியிலிருந்து வந்த முதல் கால் மணி நேரம் எந்தக் கணக்கும் கேட்காதீர்கள். கேஸ் தீர்ந்தது, கரண்ட் பில் வந்தது எல்லாம் முகம் கழுவின பிறகு சொல்லிக்கொள்ளலாம். ஆண் ஆசிரியர்களுக்கு இந்தச் சலுகை பல வீட்டில் தானாகவே கிடைத்துவிடுகிறது. பெண் ஆசிரியர்கள்தான் பையை வைத்த கையோடு அடுப்பைப் பற்றவைக்கிறார்கள். மாலை டீயை வீட்டில் இருக்கிற வேறு யாராவது போடுவது என்று முடிவு செய்யுங்கள்.

33. நடைப்பயிற்சிக்குக் காசு கட்டுகிற ஊர்கள் இருக்கின்றன. நமக்கு மலையே வாசலில் இருக்கிறது. கிருத்திகைக் கூட்டம் இல்லாத நாட்களில், வெயில் தாழ்ந்ததும் இரண்டு மூன்று வீட்டு டீச்சர்கள் சேர்ந்து அடிவாரத்தில் அரை மணி நேரம் நடந்து வாருங்கள். மூட்டுவலி உள்ளவர்கள் படியை விட்டுவிட்டுச் சமதரையில் நடந்தால் போதும்.

34. தூக்கமில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, பள்ளிக்குக் கிளம்பவே நெஞ்சு படபடக்கிறது என்றால் அது சோம்பல் கிடையாது. 2022 அக்டோபர் 10-ல் தொடங்கிய டெலிமானஸ் மனநல ஆலோசனைச் சேவையின் எண் 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டின் 104 எண்ணிலும் ஆலோசனை உண்டு. இரண்டு எண்ணையும் ஸ்டாஃப் ரூம் கதவுக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள். யார் பார்த்தார்கள், யார் பேசினார்கள் என்று கேட்க வேண்டாம்.

35. ஒன்றாம், இரண்டாம் வகுப்பு டீச்சர்கள் தலையில் பேன் ஏறுவது சகஜம். ஜடையை இறுக்கிக் கொண்டை போட்டுப் போகச் சொல்லுங்கள். வாரம் ஒரு நாள் ஈரத்தலையில் ஈருளியால் வாரினால் முளையிலேயே தீரும்.

36. மெட்ராஸ் ஐ பரவுகிற காலத்தில் ஸ்டாஃப் ரூமில் பொதுத் துண்டு தொங்க வேண்டாம், ஆளுக்கொரு கைக்குட்டை. ஒருவர் போட்ட கண் சொட்டு மருந்தை மற்றவர் போடக் கூடாது. வகுப்பில் அம்மையோ புட்டாளம்மையோ வந்த பிள்ளை இருந்தால், கர்ப்பிணி டீச்சருக்கு அன்றே சொல்லிவிடுங்கள்.

37. டெங்குக் கொசு பகலில்தான் கடிக்கும், அதனால் பள்ளி நேரம்தான் ஆபத்தான நேரம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கை கழுவுமிடம், பூந்தொட்டித் தட்டு, மொட்டைமாடியில் கிடக்கிற தேங்காய்த் தொட்டி எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டுப் போனால் இரண்டு நாள் விடுமுறையில் புழு வளராது.

38. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியது. அப்படி வெள்ளம் வடிந்த பிறகு வகுப்பறையைக் கழுவ வெறுங்காலோடு இறங்கினால் கால் வெடிப்பு வழியாக எலிக்காய்ச்சல் வரலாம். வயலுக்குப் போடுகிற கம்பூட்ஸ் இரண்டு ஜோடி பள்ளியில் இருக்கட்டும். கழுவின பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், சேற்றில் நின்றதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அதோடு வருகைப் பதிவேட்டையும் ஆசிரியர்களின் பணிப் பதிவேட்டு நகலையும் நல்ல கனமான பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரமான தட்டில் வைத்துவிட்டால் மனசுக்கும் நிம்மதி.

39. சத்துணவுக் கூடத்துக்கு வருவோம். 1982-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவோடு, 2022 செப்டம்பர் 15-லிருந்து காலை உணவும் சேர்ந்துவிட்டது. விடியுமுன்னே எழுந்து வருகிறவர்கள் அதைச் சமைக்கிற பெண்கள். தரையில் குத்துக்காலிட்டுக் காய் நறுக்குவதற்குப் பதில் ஒரு பழைய மேசையும் உயரமான ஸ்டூலும் கொடுத்தால் முதுகும் முழங்காலும் பிழைக்கும். பெரிய குண்டானை எப்போதும் இரண்டு பேராக, முழங்காலை மடக்கித் தூக்க வேண்டும். கஞ்சி வடிக்கிற நேரத்தில் ஒருவர் தனியாக நிற்கக் கூடாது.

40. அடுப்படியில் நைலான் புடவை வேண்டாம். பழைய பருத்திப் புடவைகளை நாம் கொடுக்கலாம், முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளட்டும். சூடு பட்டால் இங்க், பற்பசை, மஞ்சள் எதுவும் பூசாமல், இருபது நிமிஷம் ஓடுகிற தண்ணீரில் காட்ட வேண்டும். வளையல், மோதிரத்தை வீக்கம் வருமுன் கழற்றிவிட்டுச் சுத்தமான துணியால் மூடி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

41. கழிப்பறை கழுவும்போது பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒன்றாகக் கொட்டுகிற வழக்கம் பல இடத்தில் இருக்கிறது. கலந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். ஒரு நாள் ஒன்று, மறுநாள் மற்றொன்று. கதவைத் திறந்துவைத்து, முகத்தில் துணி கட்டிக்கொண்டு. ரப்பர் கையுறையும் நீளக் கைப்பிடி பிரஷ்ஷும் பள்ளிச் செலவில் வாங்கிக் கொடுக்க வேண்டியவை. பெருக்குகிறவர் தன் கூலியிலிருந்து வாங்கக் கூடாது.

42. ஸ்டாஃப் ரூமில் டீ வரவழைக்கும்போது தலையை எண்ணினால் ஆயா, வாட்ச்மேன், துப்புரவுப் பணியாளர் எல்லோரையும் சேர்த்தே எண்ணுங்கள். அவர்களுக்கு உட்கார ஒரு பெஞ்சும், பையும் சாப்பாடும் வைக்க ஒரு தட்டும் ஒதுக்குங்கள். ரத்த அழுத்தம் பார்க்க நர்ஸ் வந்தால் முதலில் இவர்களுக்குப் பார்க்கச் சொல்லுங்கள்.

43. அரசுப் பள்ளியில் ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு. எடுக்காவிட்டால் டிசம்பரோடு போய்விடும். காய்ச்சலோடு போய் வகுப்புக்கே பரப்புவதைவிட ஒரு நாள் படுத்து எழுவது லாபம். பிரசவ விடுப்பு 2021 ஜூலை 1 முதல் ஓராண்டு. சீக்கிரம் திரும்பி வரச்சொல்லி யாரும் சாடை காட்ட வேண்டாம்.

44. அரசு ஆசிரியர்களின் மருத்துவக் காப்பீட்டு அட்டையை பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். அட்டை நகல் ஒன்று கைப்பையில், ஒன்று வீட்டுக்காரரிடம், ஒரு படம் செல்போனில். பட்டியலில் எந்த மருத்துவமனை இருக்கிறது என்று உடம்பு நன்றாக இருக்கும்போதே பார்த்துக் குறித்துவையுங்கள்.

45. தனியார் பள்ளி ஆசிரியர்கள் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால், சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். சமையல், துப்புரவுப் பணியில் இருப்பவர்களுக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்க ஒரு நாள் யாராவது கூடப் போங்கள். படித்தவர் ஒருவர் பக்கத்தில் நின்றால் வேலை சீக்கிரம் நடக்கும்.

46. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகிற அம்மாக்கள், பிள்ளைகளுக்கு வேண்டியதோடு ஆசிரியர் கழிப்பறை, ஸ்டாஃப் ரூம் ஃபேன், சத்துணவுக் கூடத்துப் புகைபோக்கி என்று மூன்று வரி சேர்த்து எழுதவையுங்கள். ஆசிரியர்கள் தங்களுக்காகக் கேட்கக் கூச்சப்படுவார்கள். வெளியூரில் வேலைபார்க்கிற பழைய மாணவர்களிடம் சொன்னால், 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வழியாகப் பணமும் அனுப்பலாம்.

47. செப்டம்பர் 5 ஆசிரியர் தினத்துக்குக் கண்ணாடிப் பெட்டி பொம்மையும் பேனா ஸ்டாண்டும் சேர்ந்து சேர்ந்து பரணில் இடமில்லை. வகுப்பே சேர்ந்து ஒரு பிளாஸ்க், நிற்குமிடத்தில் போட ஒரு தடித்த கால்மிதி, நல்ல குடை என்று வாங்கிக் கொடுங்கள். அதே நாளில் ஆயாவுக்கும் ஒரு பருத்திப் புடவை எடுத்துவிடுங்கள்.

48. பல் வலி, கண், மார்பகப் பரிசோதனை, தைராய்டு என்று எல்லாவற்றையும் 'லீவில் பார்த்துக்கலாம்' என்று தள்ளிவைத்து, மே மாதம் ஊருக்குப் போய் வந்து, ஜூனில் பள்ளி திறந்துவிடும். ஏப்ரலிலேயே காலண்டரில் மே முதல் வாரத்தில் இரண்டு தேதியை வட்டம் போட்டு, ஒன்றைப் பரிசோதனைக்கும் மற்றதை அறிக்கை வாங்கி டாக்டரிடம் காட்டுவதற்கும் ஒதுக்குங்கள். கூடப் போக யார் என்பதையும் அந்த வட்டத்துக்குள்ளேயே எழுதிவிடுங்கள்.